ஓரத்து ரப்பர்

டயரை அவள்தான் பார்த்து எடுப்பாள் என்று பேச்சு. நெல்லையப்பன் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தான். அவன் வண்டியில் கடைக்கு வந்தான். பாண்டிச்செல்வி ஷேர் ஆட்டோவில் வந்து ஒரகடம் ஜங்ஷனில் இறங்கி, இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு, சாலையைக் கடந்து நடந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்துக்கு இப்படித் தனித்தனியாக வந்து சேர்வது ஒரு வருஷமாக வழக்கமாகிவிட்டது.

கடை வாசலில் சுடலைக்கண்ணு அவளுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தான். நெல்லையப்பனின் ஊர்க்காரன். வல்லம் வடகாலில் அவர்கள் குடியிருக்கும் காம்பவுண்டிலேயே வேறு பையன்களோடு ஓர் அறையில் இருக்கிறான். டயர் கம்பெனியில் வேலை. ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்கும் லைன். டயர் என்று யார் பேச்செடுத்தாலும் அவன் அங்கே இருப்பான்.

"மைனி, இதப் பாருங்க." மேல்தட்டில் இருந்த டயரை இறக்கித் தரையில் உருட்டினான். "ரப்பர் கட்டை ஒவ்வொண்ணும் கருப்பட்டிச் சில்லு கணக்கா நிக்கி. சேத்துல வுட்டா கடிச்சிக்கிட்டு ஏறும். மலைக்குன்னா இதுதான்."

கடைக்காரர் பரசுராமன் ஸ்டூலை விட்டு எழவில்லை. குன்றத்தூர்க்காரர். "இன்னாபா டயர் கம்பெனி. நீயே எல்லாத்தையும் சொல்லிக்கினா நான் இன்னாத்துக்குக் கடை வச்சிக்கினு கீறேன்?"

"நான் செய்யுத டயருண்ணே. எனக்குத் தெரியாதா?"

"நீ வேக வைக்கிறவன். ஓட்டுறவன் யாரு, அவரு. பின்னாடி குந்துறவங்க யாரு?"

பாண்டிச்செல்வி துப்பட்டாவை இழுத்து இடது தோளை மூடினாள்.

"எது வழுக்காது?" என்று கேட்டாள்.

பரசுராமன் அவளைப் பார்த்தார். "எல்லாம் வழுக்கும்மா. எங்க வழுக்கலாம்னு நாமதான் முடிவு பண்ணணும். எங்க போறீங்க?"

நெல்லையப்பன் சொன்னான். "வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, போளூர். அங்கன இருந்து ஜவ்வாது மலை ஏத்தம். மேல போய் மண்பாதை."

"தாரு எவ்ளோ, மண்ணு எவ்ளோ?"

"தார் நூத்தம்பதுக்கு மேல வரும். மண்ணு ஒரு பதினஞ்சு, இருபது."

பரசுராமன் இப்போது எழுந்தார். சுடலைக்கண்ணு இறக்கிய டயரைச் சுவரில் சாய்த்தார். அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சாய்த்தார். அதிலும் கட்டைகள் இருந்தன. ஆனால் தாழ்ந்தவை, நெருங்கியவை. "உள்ளங்கைய வை. ரெண்டுலயும்."

அவள் முதல் டயரில் கையை வைத்தாள். நாலைந்து கட்டைகள் கையில் குத்தின. மீதி இடமெல்லாம் பள்ளம். இரண்டாவதில் கை நிறைய ரப்பர் இருந்தது.

"ரோட்டுல கீறப்போ வண்டி தரையத் தொடுற எடம் அவ்ளோதாம்மா. உன் கை அளவு. மண்ணுன்னா பள்ளம் ஓணும், கட்டை உள்ள எறங்கிக் கடிக்கும். ஈரத் தாருன்னா ரப்பர் ஓணும். நம்ம ரோடு தெரியும்ல? லாரி ஆயில் ஊத்திக்கினே போறான். தூறல் போட்டா எண்ணெக் கல்லு."

"இது போதும்," என்றாள். இரண்டாவதிலிருந்து கையை எடுக்கவில்லை.

சுடலைக்கண்ணுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மண்ணுல நட்டுக்கிட்டு நின்னா எனக்குப் போன் பண்ணாதிய, மைனி."

"மண்ணுல விழுந்தா தட்டிட்டு எந்திரிச்சிரலாம் தம்பி. தார்ல அப்படி இல்ல."

ஆனாலும் அவன் போய்விடவில்லை. டயரை மாட்டும்வரை பக்கத்திலேயே குந்தி, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டான்.

கிளம்பும்போது பரசுராமன் நெல்லையப்பனைக் கூப்பிட்டார். "புது டயருபா. அச்சுல வந்த பிசுக்கு மேல கீது. மொத நூறு கிலோமீட்டரு சாய்க்காத, தடால்னு பிரேக் அடிக்காத. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு ஓரத்தயும் தேச்சு எடு."

"அதுக்கப்புறம்?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

"அதுக்கப்புறம் அது மேல பழி போடாத."

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது நடந்தது. கல்யாணமாகி நான்கு மாதம். தூறல். அவளுடைய செல்போன் கம்பெனி வாசலில் இறக்கிவிட நெல்லையப்பன் கூட்டிப்போனான். அப்போது வேறு வண்டி, பழையது. கைப்பிடியில் பூஜைக்குக் கட்டிய சாமந்தி இன்னும் வாடவில்லை. வல்லம் பிரிவில் திரும்பியபோது பின்சக்கரம், யாரோ பிடித்து இழுத்த மாதிரி, பக்கவாட்டில் போனது. அவள் தார்மீது விழுந்து இழுபட்டாள். பின்னால் வந்த லாரி நின்றது. அதன் முன்சக்கரம் தலைமாட்டில் இருந்தது. ரப்பரின் சூடு கன்னத்தில் பட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காறையெலும்பு முறிந்திருந்தது. உள்ளே தகடு வைத்தார்கள்.

"மெதுவாத்தான் வந்தேன்" என்று நெல்லையப்பன் எல்லாரிடமும் சொன்னான். டாக்டரிடம், போலீஸ்காரரிடம், ஊரிலிருந்து வந்த அவள் அம்மாவிடம். யாரும் நம்பவில்லை. டயர் தேய்ந்திருந்தது என்றார்கள். இந்த வயசுப் பையன்கள் மெதுவாகப் போவார்களா என்றார்கள். கட்டிலில் படுத்தபடி அவள் சொன்னாள்: "உங்க பின்னாடி இனிமே ஏற மாட்டேன்."

அவன் தலையாட்டினான். அன்றோடு மெதுவாகத்தான் வந்தேன் என்று சொல்வதை நிறுத்தினான். அவளை ஏறச் சொல்லிக் கேட்கவும் இல்லை. பழைய வண்டியை விற்றான். கோடையில் இந்த உயரமான வண்டியை யாரிடமோ பழசாக வாங்கி, தனியாகவே ஓட்டினான். மழை நாளில் அவள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் இடத்தைக் கடந்து வேலைக்குப் போவான். வேகத்தைக் குறைப்பான். நிறுத்த மாட்டான்.

சண்டை போட்டிருந்தால் சண்டையாவது இருந்திருக்கும். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். "ஜவ்வாது மலைக்குப் போணும்னு ரொம்ப நாளா சொன்னீங்களே. பூஜை லீவுல போவோம். டயர நான் பாத்து எடுக்கேன். ஒரே ஒரு தடவை ஏறுதேன். வழுக்குச்சுன்னா அதோட முடிஞ்சுது. வண்டிய வித்துருங்க."

தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான். "வண்டிய மட்டுந்தானா?"

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள்.

புது டயரில் ஒரு வாரம் ஷிப்டுக்குப் போய்வந்தான். விற்காமல் கிடக்கும் காலி மனைகளில் எட்டுப் போட்டு ஓரங்களையும் தேய்த்தான். மாலையில் வந்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அவள் பார்க்கட்டும் என்பது போல விலகிப் போவான். அவளும் போய்ப் பார்ப்பாள். மினுமினுப்புப் போய், ரப்பர் முழுக்கச் சாம்பல் பூத்து, சொரசொரவென்று இருக்கும். பரவாயில்லை என்று தோன்றும்.

ஆயுத பூஜையன்று காம்பவுண்டில் கால் வைக்க இடமில்லை. வண்டிகளை வரிசையாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். வீட்டுக்காரம்மா ரத்னா பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, நாளிக்கு ஏறப் போறியாமே?"

"ஆமாக்கா."

"நல்லா எலுமிச்சங்கா கட்டிக்கினு போ. வருசா வருசம் பூஜை முடிஞ்சா இந்த வூட்டுல யாராச்சும் ஒருத்தன் வுழறான். போன வருசம் நீ. அதே வாரம் இசக்கிபாண்டி முட்டிய பேத்துக்கினு வந்தான். அதுக்கு மின்ன வருசம் என் மருமவன். கண்ணுமே. இப்பிடி பளபளன்னு வச்சிக்கினு ரோட்ல போனா ஊரு கண்ணு சும்மா வுடுமா?"

"அப்ப அழுக்காவே ஓட்டச் சொல்லுதீங்களாக்கா?" என்று வரிசையின் கடைசியிலிருந்து சுடலைக்கண்ணு கத்தினான்.

"நீ வாய மூடிக்கினு வேலய பாரு. என் மருமவன் வண்டிய மறந்துறாத."

அவன் குந்தியிருந்தான். கையில் பழைய பனியன், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் பால் மாதிரி ஏதோ வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு வண்டியாகச் சீட்டிலிருந்து டயர்வரை துடைத்துக்கொண்டு வந்தான். அவன் துடைத்த வண்டி ஷோரூமிலிருந்து இறக்கியது போல நிற்கும். காம்பவுண்டில் பூஜைக்கு அது அவன் வேலை. யாரும் சொன்னதில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

பாண்டிச்செல்வி உள்ளே மிக்ஸியையும் அடுப்பையும் துடைத்தாள். விழுந்த அன்று போட்டிருந்த பச்சைச் சுடிதாரைக் கிழித்துக் கைத்துணியாக வைத்திருந்தாள். அதில் ஒரு துண்டு எப்போதும் உதவாது. தண்ணீரை உறிஞ்சாது. நனைத்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இன்றும் அந்தத் துண்டுதான் கையில் வந்தது. எறிந்துவிட்டு வேறு எடுத்தாள்.

சாயங்காலம் வெளியே வந்தபோது சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு வண்டி நின்றது. டயர் கன்னங்கரேலென்று மின்னியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

"எப்படி மைனி?" என்றான் சுடலைக்கண்ணு. "ஒங்க டயரு. நீங்க எடுத்த டயருன்னு ரெண்டு கோட்டு சேத்துப் போட்டுருக்கேன்."

கடையில் நடந்ததற்கு அவன் செய்யும் சமாதானம் அது என்று அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கு தம்பி."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகியிருந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி வெளியே வந்தது. அவள் ஏறும்வரை நெல்லையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அவனைத் தொடாமல், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்து ஏறினாள். வண்டி அவள் நினைத்ததைவிட உயரம்.

"உக்காந்துட்டியா?"

"ம்."

தெருமுனையைத் தாண்டும் முன்பே உள்ளங்கை வேர்த்தது. வல்லம் பிரிவில் கண்ணை மூடக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். மூடவில்லை. அவன் நடக்கிற வேகத்தில் திரும்பினான். பின்னால் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. ஒரகடம் ஜங்ஷனிலும் அப்படியே. பிறகு வாலாஜாபாத் சாலை நேராக நீண்டது.

அவள் ஹெல்மெட்டை ஒரு பக்கம் சாய்த்து, அவன் தோளுக்கு மேலாக ஸ்பீடோமீட்டரைப் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முள் நாற்பதைத் தொடும், இறங்கும். தொடும், இறங்கும். கன்டெய்னர் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கடந்தன. அவன் ஒன்றையும் முந்தவில்லை. ஒரு முட்டை வண்டிக்காரன் இவர்களை முந்திப்போனான்.

இடையில் அவளுடைய முதுகு கொஞ்சம் தளர்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் ரத்தம் ஓடியது. போளூரில் சாப்பிடலாம் என்று நினைத்தாள்.

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலை இடது பக்கம் வளைந்தது. பெரிய வளைவு அல்ல. முள் முப்பதில் இருந்தது. வண்டி சாய்ந்தது.

பின்சக்கரம் விலகியது.

அதே இழுப்பு. இடுப்புக்குக் கீழே தரை இல்லாமல் போவது. நெல்லையப்பன் காலைத் தரையில் ஊன்றி உதைத்தான். வண்டி எதிர்ப்பக்கம் ஆடியது, மறுபடி இந்தப் பக்கம், பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபடியே சாலையை விட்டு இறங்கி, மனைப்பிரிவு விளம்பரப் பலகைக்குக் கீழே சரளை மண்ணில் நின்றது.

அவள் இறங்கினாள். நாலடி தள்ளிப் போய் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்ற வரவில்லை. வார் விரலில் சிக்கவில்லை. அவன் கழற்ற வந்தான். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புது டயரு," என்றான். "புது டயருன்னா முதல்ல…"

"ஒரு வாரம் ஓட்டினீங்க. ஓரம் தேச்சேன்னு சொன்னீங்க."

"தேச்சேன்."

"பின்ன?"

அவன் வளைவைத் திரும்பிப் பார்த்தான். அங்கே எண்ணெய் இல்லை. மணல் இல்லை. கழுவிவிட்ட மாதிரிச் சாலை கிடந்தது. அவன் ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னான்.

"மெதுவாத்தான் வந்தேன், செல்வி."

"அன்னைக்கும் அதத்தான் சொன்னீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. முப்பது. அவள் கண்ணால் பார்த்த முப்பது. முள் முப்பதில் நிற்கும்போதுதான் சக்கரம் போனது. அவன் மெதுவாகத்தான் வந்தான்.

அப்படியானால் அன்றைக்கு?

அவள் வண்டியிடம் போனாள். பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். டயரின் நடுப்பட்டை சாம்பல் நிறத்தில் சொரசொரத்து, ஈரத்தில் ஊறி இருந்தது. இரண்டு ஓரமும் நேற்றுப் பார்த்தது போலவே கறுத்து மின்னின. தூறல் அந்த ஓரத்தில் பரவவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது. அவள் விரலால் தொட்டாள். முத்துகள் உருண்டு ஓடின.

விரலைத் தேய்த்துப் பார்த்தாள். தலைமுடிக்குப் போடும் சீரம் மாதிரி ஒரு வழுவழுப்பு. துப்பட்டாவில் துடைத்தும் போகவில்லை.

தண்ணீர் ஒட்டாத ஒரு பச்சைத் துணி நினைவுக்கு வந்தது. அது சுடிதாரின் எந்தப் பக்கத்துத் துண்டு என்றும் நினைவுக்கு வந்தது. சீட்டில் படும் பக்கம்.

"போன் குடுங்க," என்றாள். அவளுடைய போன் பைக்குள் இருந்தது. பையைத் திறக்கும் நிலையில் கை இல்லை.

சுடலைக்கண்ணு முதல் மணியிலேயே எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏல, எங்கன நிக்கிய? காஞ்சிபுரம் தாண்டியாச்சா?"

"நான்தான் தம்பி. நேத்து வண்டிக்கு என்ன போட்டுத் தொடச்சீங்க?"

"ஆங், மைனியா? நல்லாருக்குல்லா! அது லூபு, மைனி. எங்க லைன்ல உள்ளது. ரப்பர் அச்சுல ஒட்டாம வழுக்கிக்கிட்டு வரணும்லா, அதுக்கு அடிக்கது. கொஞ்சமா ஊத்திக் கொண்டாருவேன். கடையில கெடைக்காது."

"டயருக்கும் போட்டீங்களா?"

"டயருக்குத்தானே முக்கியமாப் போடணும்! டயர் கறுப்பா இருந்தாத்தானே வண்டி எடுப்பு."

"தரையில படுத இடத்துக்குமா?"

"முழுசா போட்டாத்தானே மைனி ஒரே கலரா இருக்கும்."

அவள் நெல்லையப்பனைப் பார்க்கவில்லை. "எல்லா வருசமுமா?"

"நம்ம காம்பவுண்டுக்கு எல்லா வருசமும் நான்தானே. எதுக்கு கேக்கிய?"

நெல்லையப்பன் அவள் கையிலிருந்து போனை வாங்கினான். "ஒண்ணுமில்லல. சும்மா கேட்டா. அப்புறம் பேசுதேன்." அணைத்தான்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது விளம்பரப் பலகை அதிர்ந்தது. நெல்லையப்பன் போனைச் சட்டைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். ஒரு தடவை சிரிப்பது போல வாய் கோணியது. சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான்."

"ஏன் பிடுங்கி வச்சீங்க?"

"அவன் தாங்க மாட்டான், செல்வி. நீ ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை நாளும் வராண்டாத் தரையில கெடந்தவன். இது தெரிஞ்சா என்ன ஆவான்?"

"நீங்க தாங்குனீங்களே."

"நான் பரவால்ல."

"என்ன பரவால்ல? ஒரு வருசம் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் சொன்னத அப்படியே வச்சிக்கிட்டு…" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு தடவை என்னையப் பாத்துக் கத்தியிருக்கலாம்ல? நான் மெதுவாத்தான் வந்தேன், ஏட்டி, நம்புன்னு?"

"நானே நம்பலையே," என்றான். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் முறுக்கிட்டேனோன்னு ஆயிட்டு."

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். முத்துகள் இன்னும் ஓரத்தில் நின்றன. ரத்னாக்கா மடியில் பூசணிக்காயோடு சொன்னது காதில் விழுந்தது. வருசா வருசம் ஒருத்தன். அந்த வரிசை கண்ணில் வந்தது. கழுவி, துடைத்து, மாலை போட்டு நின்ற வரிசை.

"மணி என்ன?"

"ஏன்?"

"இசக்கிபாண்டி காலை ஷிப்டா?"

அவன் முகம் மாறியது. போனைத் தானாகவே நீட்டினான்.

இந்தத் தடவையும் சுடலைக்கண்ணு உடனே எடுத்தான். "சொல்லுல."

"தம்பி, நான் சொல்லுதத கேளுங்க. காம்பவுண்டுல யாரும் வண்டிய எடுக்கக் கூடாது. யாராச்சும் கெளம்பியாச்சா?"

"இசக்கி கிக்கர் ஒதச்சிக்கிட்டு இருக்கான். ரத்னாக்கா மருமவன் இப்பத்தான் சட்டை மாட்டுதாரு. என்ன மைனி?"

"சாவியப் புடுங்குங்க. இப்பவே. போன வச்சிட்டுப் போங்க."

"என்னன்னு சொன்னாத்தானே…"

"டயர் வழுக்குது. நீங்க போட்டது வழுக்குது. நாங்க விழப் பாத்தோம். ஓடுங்க!"

போனைத் தரையிலோ திண்டிலோ வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பு ஓடும் சத்தம். தூரத்தில் அவன் கத்தினான். இசக்கிபாண்டி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். இன்ஜின் சத்தம் ஏறியது. அவள் போனைக் காதோடு அழுத்தினாள். நெல்லையப்பன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். இன்ஜின் நின்றது. ரத்னாக்காவின் குரல் யாரையோ திட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது.

"புடுங்கிட்டேன், மைனி. ரெண்டு பேரு சாவியும் கையில இருக்கு."

"நல்லது."

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது.

"மைனி," என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "போன வருசம் பூஜைக்கும் நான்…"

"தம்பி. அத எப்படி எடுக்கது? சோப்பு போட்டா போகுமா?"

"போகாது." எச்சில் விழுங்கினான். "சோப்பு மட்டும் போட்டா போகாது. சோப்புத்தூளும் மணலும் வச்சித் தேய்க்கணும். பொறவு சரளையில சாய்ச்சி ஓட்டி மேல் ரப்பரத் தேய வைக்கணும். மைனி, அன்னைக்கு நான்…"

"எல்லா வண்டியையும் தேய்ங்க. நாங்க வாரோம்."

அணைத்தாள். நெல்லையப்பன் சொன்னான்: "போன வருசத்தையும் சொல்லிருவியோன்னு நெனச்சேன்."

"சொல்ல வேண்டியதில்ல. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

எதிரே இருந்த பெட்டிக்கடையில் சோப்புத்தூள் வாங்கினாள். கட்டடம் கட்டப் போட்டிருந்த மணலைக் கேட்டு அள்ளினார்கள். எதற்கு என்று கடைக்காரி விசாரித்தாள். டயர் கழுவ என்று கேட்டதும், ஒரு வாளி தண்ணீரைக் கொடுத்துவிட்டு இவர்களை ஒருமாதிரி பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியால் பாண்டிச்செல்வி பின்சக்கரத்தைத் தேய்த்தாள். அவன் முன்சக்கரத்தை. நுரை கறுப்பாக வழிந்தது. தேய்த்து, கழுவி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். முத்து கட்டியது. மறுபடி தேய்த்தார்கள். இடது தோளில் தகடு இருந்த இடம் வலித்தது. கையை மாற்றிக்கொண்டாள்.

பிறகு அவன் விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருந்த மனைப்பிரிவில் தனியாக எட்டுப் போட்டான். சரளை தெறித்தது. செம்மண் சேறு சக்கரத்தில் அப்பியது. வண்டி ஒரு தடவை வழுக்கியது, பிறகு குறைவாக, பிறகு மண்ணில் எந்த டயரும் நழுவும் அளவுக்கு மட்டும். கட்டைகள் தாழ்ந்தவைதான். ஆனாலும் மண்ணில் கடித்து ஏறின. மலையில் அது போதும் என்று தோன்றியது. இன்றைக்கு மலை இல்லை என்பதும் தெரிந்தது.

அவள் மனைப்பிரிவின் தார்ச்சாலைத் துண்டில் போய் நின்றாள். ஒரு செங்கல்லை ஓரத்தில் வைத்தாள்.

"சாய்ச்சிக்கிட்டே வாங்க. கல்லுக்கிட்ட பிரேக் அடிங்க."

அவன் வந்தான். சாய்த்தான். அடித்தான். கல்லைத் தாண்டிப் போய் நின்றது. ஆனால் நேராக நின்றது. மறுபடி வரச் சொன்னாள். மறுபடி. ஒரு தடவை வேகமாக வரச் சொன்னாள். அவன் தயங்கினான். "வாங்க," என்றாள். வந்தான். வண்டி கல்லுக்குப் பக்கத்தில் மூக்கைத் தாழ்த்தி நின்றது.

அவள் குந்தித் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ரப்பரில் பரவி ஊறியது.

தூறல் வலுத்தது. நெல்லையப்பன் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பனியன்வரை நனைந்திருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாலாஜாபாத்லேருந்து பஸ் இருக்கு," என்றான். "நான் வண்டிய ஓட்டிட்டு வாரேன்."

"ம்."

"இல்லேன்னா…" நிறுத்தினான். கண்ணாடியை விட்டுத் திரும்பி அவளை நேராகப் பார்த்தான். "ஏறுதியா?"

ஒரு வருஷத்தில் முதல் தடவை கேட்டான். வழுக்கினால் அதோடு முடிந்தது என்று அவள்தான் சொன்னாள். வழுக்கிவிட்டது. அவன் அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெல்மெட்டை மாட்டினாள். இந்தத் தடவை வார் விரலில் சிக்கியது. அவன் தோளைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டாள்.

"வீட்டுக்குப் போங்க. சுடலை தனியா உக்காந்திருப்பான்."

வண்டி சாலையில் ஏறி வந்த திசைக்குத் திரும்பியது. முன்னால் அந்த வளைவு. பின்னால் ஒரு லாரி. அவன் வேகம் குறைவதை அவள் உணர்ந்தாள். பைக்குள் போன் அதிரத் தொடங்கியது. சுடலைக்கண்ணுதான். வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? அவள் எடுக்கவில்லை.

வண்டி சாய்ந்தது. அவளும் அதோடு சாய்ந்தாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வளைவு முடியட்டும் என்று விட்டாள்.